கேட்டது கிடைக்கவில்லை, பலம் கிடைத்தது!

20 ஆண்டு படுக்கையில் இருந்து ஜெபித்த டோனாவூர் அம்மா

வீட்டில் ஒருவருக்கு நோய் வருகிறது. வைத்தியம் பார்க்கிறோம். கடவுளையும் வேண்டுகிறோம். நோய் தீர்ந்தால், "கடவுள் கண் திறந்தார்" என்று சொல்லி மகிழ்கிறோம்.

நோய் தீராவிட்டால்?

மாதங்கள் போகின்றன. ஆண்டுகள் போகின்றன. வலி மட்டும் போகவில்லை. அப்போது மனம் கேட்கிறது: "இத்தனை நாள் ஜெபித்தது வீண்தானா?"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் ஒரு நாள் எழும். கிறிஸ்தவ வீட்டிலும் எழும். மற்ற வீட்டிலும் எழும்.

அதற்கு வாயால் பதில் சொல்வது எளிது. வாழ்ந்து காட்டுவது கடினம். வாழ்ந்து காட்டிய ஒரு பெண் நெல்லைச் சீமையில் இருந்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். டோனாவூர் மக்களுக்கு அவர் "அம்மா".

கரிசல் காட்டில் விழுந்த விதை

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிறது திருவேங்கடம். சுற்றிலும் கரிசல் பூமி. மானாவாரி வெள்ளாமை.

இங்கே விவசாயிக்குப் பொறுமையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். மேகம் கூடுகிறது, கலைகிறது. அதற்காக அவன் நிலத்தை விட்டு ஓடிவிடுவது இல்லை. களை எடுக்கிறான். வரப்பைச் சரி செய்கிறான். மழைக்குக் காத்திருக்கிறான்.

இந்த வடநெல்லைச் சீமைக்கு 1854-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார். அவர் பெயர் தாமஸ் ராக்லண்டு. பெரிய படிப்பாளி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1841-ம் ஆண்டு நடந்த கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். அங்கேயே இருந்திருந்தால் நிழலில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அவரோ சிவகாசிப் பக்கம் வந்து கூடாரம் அடித்தார். வெயிலில் ஊர் ஊராகப் போனார். அவருக்கு நெஞ்சில் நோய். நோயோடுதான் நடந்தார்.

பலன் என்ன? அவர் கண்ணால் கண்ட பலன் மிகச் சிறிது. 1858-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந்தேதி சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 43.

விதை மண்ணுக்குள் விழுந்து மறைந்தால்தான் பயிர் வரும் என்று ஏசு சொன்ன உவமை பைபிளில் இருக்கிறது. ராக்லண்டு அதை நம்பினார். முளை வருவதைப் பார்க்காமலே போனார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒரு பெண் எழுதினார். அந்தப் பெண்தான் டோனாவூர் அம்மா.

நீலக் கண் கேட்ட சிறுமி

ஏமி கார்மைக்கேல் 1867-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ந்தேதி, அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். வீட்டில் ஏழு குழந்தைகள். ஏமிதான் மூத்தவர். தகப்பனார் மாவு மில் நடத்தி வந்தார்.

ஏமி சிறுமியாக இருந்தபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள்.

தாயாருக்கு நீலக் கண். ஏமிக்குப் பழுப்புக் கண். "கடவுளிடம் கேட்டால் கிடைக்கும்" என்று தாயார் சொல்லியிருந்தார். சிறுமி ஓர் இரவு முழங்காலில் நின்று, "எனக்கு நீலக் கண் கொடு" என்று கேட்டாள். விடிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தாள்.

அதே பழுப்புக் கண்!

சிறுமி அழுதாள். "இல்லை என்பதும் ஒரு பதில்தான்" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார்கள்.

பிற்காலத்தில் ஏமி தமிழ்நாட்டுக்கு வந்து சேலை கட்டிக்கொண்டார். வெள்ளைக்காரி என்று தெரியாதபடி சில இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. கண் மட்டும் நீலமாக இருந்திருந்தால் உடனே அகப்பட்டிருப்பார். பழுப்புக் கண் காப்பாற்றியது.

குழந்தைப் பருவத்தில் "இல்லை" என்று வந்த பதிலுக்கு, பெரியவளான பிறகுதான் காரணம் புரிந்தது. ஆனால் எல்லா "இல்லை"க்கும் இப்படிக் காரணம் புரிந்துவிடுவது இல்லை. அதையும் அவர் வாழ்க்கை காட்டியது.

தமிழ்நாட்டுக்கு வந்தார்

ஏமிக்கு 17 வயது நடக்கும்போது, 1885-ல், தகப்பனார் இறந்தார். குடும்பம் நொடித்தது. பெல்பாஸ்ட் நகரில் மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு ஏமி ஊழியம் செய்தார்.

1893-ல் ஜப்பானுக்குப் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. நரம்பு வலி. வாரக்கணக்கில் படுத்துவிடுவார். ஊருக்குத் திரும்பினார். "இந்த உடம்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் என்ன செய்ய முடியும்?" என்று யாரும் கேட்டிருப்பார்கள்.

1895-ம் ஆண்டு நவம்பரில் பெங்களூரில் வந்து இறங்கினார். அப்போதும் காய்ச்சல். மறு ஆண்டு இறுதியில் நெல்லைச் சீமைக்கு வந்தார். வாக்கர் ஐயர் என்ற பாதிரியாரிடம் தமிழ் கற்றார். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்.

மதம் பரப்ப வந்தவர் என்பதால் எதிர்ப்பும் இருந்தது. கதவைச் சாத்திய ஊர்கள் உண்டு. அவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1895-ல் வந்தவர், 1951-ல் சாகும் வரை, ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை!

ஓடி வந்த சிறுமி

1901-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந்தேதி. அப்போது ஏமி பண்ணைவிளையில் இருந்தார். காலையில் ஒரு சிறுமியை அவரிடம் அழைத்து வந்தார்கள். வயது ஏழு இருக்கும். பெயர் பிரீனா.

அவளைக் கோவிலில் பொட்டுக்கட்டுவதற்காக ஒப்படைத்திருந்தார்கள். முன்பு ஒரு முறை தப்பித்துத் தூத்துக்குடிக்குத் தாயிடம் ஓடினாள். தாய் பயந்துபோய்த் திரும்பவும் ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகச் சிறுமியின் கையில் சூடு போட்டார்கள்.

இரண்டாவது முறை தப்பி ஓடி வந்தவள் ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். திரும்பிப் போக மாட்டேன் என்றாள்.

அந்த மடிதான் பிறகு ஆயிரம் பிள்ளைகளுக்கும் மடி ஆயிற்று.

அதே ஆண்டில் ஏமி டோனாவூருக்குக் குடி போனார். களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. முன்பு ரேனியஸ் ஐயர் காலத்தில் அங்கே சர்ச் கட்ட டோனா என்ற ஜெர்மானியப் பிரபு பணம் கொடுத்தார். அவர் பெயரே ஊருக்குப் பெயர் ஆயிற்று.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தன. 1913-ல் சுமார் 130 பிள்ளைகள். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

இது ஆபத்தான வேலை. "பிள்ளையைக் கடத்தினார்" என்று வழக்குப் போட்டால் சிறைக்குப் போக நேரிடும். அதற்கும் அவர் துணிந்திருந்தார்.

கை நீட்டவில்லை

இத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். துணி வேண்டும். மருந்து வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

அம்மா ஒரு விதி வைத்திருந்தார். யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

தாமாக மனம் வைத்து அனுப்பியவர்களின் பணம் வந்தது. சில சமயம் தாராளமாக வந்தது. சில சமயம் கடைசி நேரத்தில் வந்தது. வரும் வரை காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதும் தோட்ட வேலை நடந்தது; துணி துவைத்தார்கள்; பாடம் படித்தார்கள்.

அங்கே பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. ஆகவே டோனாவூருக்கு வந்து சேர்ந்த தேதியைத்தான் பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள். "என்னைப் பெற்றவர்கள் வேண்டாம் என்றார்கள்" என்று ஏங்க வேண்டிய பிள்ளைக்கு, "நான் வந்த நாள் இவர்களுக்குத் திருநாள்" என்ற எண்ணம் உண்டாகிவிடும்.

1919-ல் அன்றைய அரசாங்கம் அம்மாவுக்குக் "கெய்சர்-இ-ஹிந்து" பதக்கம் கொடுத்தது. அவர் அதை விரும்பவில்லை. வாங்கும் விழாவுக்கும் போகவில்லை.

சேர்ந்து வந்த சோகம்

ஜெபித்ததெல்லாம் கிடைத்ததா? இல்லை.

முதலில் வந்த கைக்குழந்தைகளில் சிலர் இறந்தார்கள். தாய்ப்பால் இல்லாத குழந்தையை வளர்ப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. இரவெல்லாம் மடியில் வைத்து ஜெபித்தும் சில குழந்தைகள் பிழைக்கவில்லை.

அம்மாவுக்கு வலது கை போல இருந்தவர் பொன்னம்மாள். இளம் வயதில் கணவனை இழந்தவர். குழந்தைகளை வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். நெய்யூர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்காக நடந்த விடுதியைக் கவனித்தவர் அவரே.

1912-ல் வாக்கர் ஐயர் திடீரென்று இறந்தார். தமிழ் கற்றுக் கொடுத்தவர், வழி காட்டியவர். மறு ஆண்டு, அயர்லாந்து நாட்டவரான அம்மாவின் தாயாரும் இறந்தார். பொன்னம்மாளையும் புற்றுநோய் கொண்டுபோயிற்று.

பொன்னம்மாளுக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. அம்மா அவருடைய வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். மறுநாள் எழுந்து, பொன்னம்மாள் விட்டுப்போன வேலையைச் செய்தார். பிள்ளைகளுக்குப் பசிக்குமே!

ஒரு குழி

1931-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந்தேதி.

அன்று காலை அம்மா ஒரு ஜெபம் செய்தார். கடவுளுக்கும், தன் பிள்ளைகளுக்கும் இன்னும் நன்றாக உழைக்கத் தன்னைத் தகுதியாக்க வேண்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மாலையில் களக்காட்டுக்குப் போனார். அங்கே ஒரு வீட்டை மருந்து கொடுக்கும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கக்கூசுக்காகப் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். இருட்டில் தெரியவில்லை. அம்மா அதற்குள் விழுந்தார்.

கால் முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகெலும்பிலும் அடி. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சில வாரங்களில் நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டோனாவூரில் பிள்ளைகள் இரவும் பகலும் ஜெபித்தார்கள்.

வாரங்கள் போயின. மாதங்கள் போயின. அம்மா பழையபடி நடக்கவே இல்லை. ஒரு நோயோடு இன்னொரு நோய் சேர்ந்தது. நரம்பு வலி, மூட்டு வலி. இரவில் தூக்கம் இல்லை.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கால்கள் கட்டிலில் கிடந்தன. அப்போது அவருக்கு வயது 63. இறந்தது 83-ம் வயதில். இடையில் இருந்த சுமார் 20 ஆண்டுகளையும் பெரும்பாலும் அந்த ஒரே அறையில் கழித்தார்!

சுகவாசிகள் எழுதிய புத்தகம்

அந்த அறையில் அவர் என்ன செய்தார்?

நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் சிறு புத்தகங்களை நண்பர்கள் அனுப்பி வைத்தார்கள். அம்மா படித்துப் பார்த்தார். மனத்தில் ஒட்டவில்லை. காரணம் என்ன? எழுதியவர்கள் எல்லோரும் நல்ல சுகத்தோடு இருந்தவர்கள்! வலி இல்லாதவன் வலிக்குச் சொல்லும் ஆறுதல் காதோடு நின்றுவிடும்.

ஆகவே அவரே எழுதத் தொடங்கினார். நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார். படுக்கையில் இருப்பவர், படுக்கையில் இருப்பவருக்கு எழுதிய கடிதங்கள் அவை. 1933-ல் அவை புத்தகமாக வந்தன. "முட்செடியில் பூத்த ரோஜா" என்று பொருள்படும் பெயர் வைத்தார்.

வலியே இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. வலி நல்லது என்றும் சொல்லவில்லை. வலியோடு இருப்பவனைக் கடவுள் கைவிடுவது இல்லை என்றுதான் எழுதினார். அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார்.

வாழ்நாளில் அவர் எழுதிய புத்தகங்கள் சுமார் 35. அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை படுக்கையில் இருந்த காலத்தில் வந்தவை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்காருவார்கள். குறைகளைக் கேட்பார். பெயர் சொல்லி ஜெபிப்பார். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கடிதம் எழுதுவார். தாழ்வாரத்துப் பறவைகளைப் பார்த்து மகிழ்வார்.

முன்பெல்லாம் அம்மாவைப் பிடிப்பதே கடினம். இப்போது எந்த நேரமும் இருந்த இடத்தில் இருந்தார். காது கொடுக்க ஓர் ஆள் கிடைத்தார்.

1948-ல் அந்த அறையிலேயே மறுபடியும் தவறி விழுந்தார். எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஜெபமும் உண்டு; மருந்தும் உண்டு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை என்றால் வைத்தியத்தை விட்டுவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். டோனாவூர் அம்மா அப்படி நினைக்கவில்லை. பிள்ளைகள் நோயில் விழுந்தபோது பக்கத்தில் டாக்டர் இல்லாமல் தவித்தவர் அவர். அதனால் டோனாவூரிலேயே மருத்துவமனை எழும்பியது. அதற்குப் "பரம சுக சாலை" என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் எல்லோரும் அங்கே வந்து வைத்தியம் செய்துகொண்டார்கள்.

அந்த மருத்துவமனையை எழுப்பியவருக்கே சுகம் கிடைக்கவில்லை! ஆனால் அதில் நுழைந்து சுகமாகி வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம்.

அவர் பொறுமை சும்மா இருந்த பொறுமையும் அல்ல. பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1901 முதல் எதிர்த்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சென்னைச் சட்டசபையில் இதற்காகப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். மற்றவர் புதுக்கோட்டையில் பிறந்தவர். மதம் வேறு, வழி வேறு. துடைத்த கண்ணீர் ஒன்றுதான்.

1947-ல் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தைத் தடை செய்து சட்டம் வந்தது. பிரீனா ஓடி வந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அம்மா படுக்கையில் இருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார்.

கல்லறைக்குக் கல் இல்லை

1951-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ந்தேதி அம்மா இறந்தார்.

தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. ஆனாலும் மனம் கேட்குமா? பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள். பெயர் இல்லை, பட்டம் இல்லை.

டோனாவூர் ஐக்கியம் இன்றும் இருக்கிறது. இப்போது அதை நடத்துகிறவர்கள் இந்தியர்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள். மருத்துவமனை நடக்கிறது. ராக்லண்டின் விதைக்கு நேர்ந்ததே அம்மாவின் விதைக்கும் நேர்ந்தது. மண்ணுக்குள் போன பிறகும் முளைத்துக்கொண்டிருக்கிறது.

நமக்கு என்ன?

கட்டிலில் கிடக்கும் தகப்பனாரைப் பார்த்துக்கொள்ளும் மகள் இருக்கிறாள். குழந்தைக்குச் சுகம் கேட்டு ஆண்டுக்கணக்கில் ஜெபிக்கும் தாய் இருக்கிறாள். வேலை கேட்டு மனுப் போட்டு அலுத்துப்போன வாலிபன் இருக்கிறான்.

"கேட்டது கட்டாயம் கிடைக்கும்" என்று அவர்களிடம் சொல்ல நம்மால் முடியாது. டோனாவூர் அம்மாவுக்கே கிடைக்கவில்லை. சிலருடைய துன்பம் தீருகிறது; சிலருடையது தீருவது இல்லை. "உன் நம்பிக்கை குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று ஒரு நோயாளியிடம் சொல்வதைப்போலக் கொடுமை வேறு இல்லை. அம்மாவுக்கு இருந்த நம்பிக்கை யாருக்கு இருந்தது?

அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை. அன்றன்றைக்கு வேண்டிய பலம் கிடைத்தது. இருபது ஆண்டுக்கான பலம் ஒரே நாளில் வரவில்லை. இன்று ஒரு கடிதம் எழுதப் பலம்; நாளை ஒரு பிள்ளையின் குறையைக் கேட்கப் பலம். அப்படியே ஏழாயிரம் நாட்கள் கடந்தன.

திருவேங்கடத்துக் கரிசல் காட்டு விவசாயியைக் கேளுங்கள். மழையைக் கொண்டுவர அவனால் முடியாது. ஆனால் மழை வரும் நாளில் நிலம் தயாராக இருக்கும்படி வைத்திருக்க முடியும். காத்திருக்கும் நாட்களில் அவன் அதைத்தான் செய்கிறான்.

உங்கள் வீட்டில் யாராவது நெடுநாளாகப் படுக்கையில் இருந்தால், இன்று அவர் பக்கத்தில் போய்ச் சிறிது நேரம் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருக்காக ஜெபிப்பவரானால் ஜெபியுங்கள். போகும்போது, "நாளைக்கும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

சொன்னபடி நாளைக்கும் போங்கள்.